நோட்டில் ஏறிய பலாப்பழம்

குடிகாடு
21.6.2009

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, உன் அம்மாவுக்குக் கோபம் அதைவிட ஜாஸ்தி, மற்றபடி இருவரும் சுகம். பூனாவில் நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றிலிருக்கும் ஏழு மாதத்துக்காரரும் சுகமாக இருக்க வடலூர் ஜோதியை வேண்டிக்கொள்கிறேன். தலைப்பிரசவத்துக்கு எப்போது அழைத்துப்போக வருவீர்கள் என்று நீ போனில் கேட்டதற்கு அம்மா பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு பலாப்பழத்தின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, சிரிக்காமல் படி.

நம் தெருப் பெண்கள் நாற்ற நோட்டு எழுதுவது உனக்குத் தெரியும். கெமிக்கல் கம்பெனிகள் பக்கமிருந்து என்ன வாடை வந்தது, எத்தனை மணிக்கு, யாருக்குக் கண் எரிந்தது என்று ஐந்து வருடமாக எழுதி, அதை வைத்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் புகார் கொடுக்கிறார்கள். வாயுவின் பெயர் யாருக்குத் தெரியும், அதனால் அழுகின முட்டை, நெயில் பாலிஷ், ஊசிப்போன குழம்பு என்று தெரிந்த பெயராக வைத்திருக்கிறார்கள். மோந்து சொல்வதில் உன் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. நான் பொடி போடுகிறவன், அதனால் என் மூக்கு செல்லாது என்று தள்ளிவிட்டு, தாலுகா ஆபீசில் முப்பது வருடம் எழுதிய கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் உன் மாமா கண்ணாயிரம் பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார். அதைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று அண்ணாமலை நகர் டாக்டர் எனக்குச் சொல்லியிருப்பது அவருக்கும் தெரியும். "அக்காவுக்குத் தெரிய வேணாம் மாமா, தெனம் ரெண்டு சொளை" என்று கொல்லையில் விறகுக்கு அடியில் சாக்குப்போட்டு மூடிவைத்துவிட்டுப் போனார். பழம் பழுத்தது. மறுநாள் விடியற்காலை அம்மா வாசலில் நின்று மோந்து பார்த்து, "இது புதுசா இருக்குதுங்க, பலாப்பழ வாடை, என்னத்தையோ தொறந்து வுட்டிருக்கானுங்க, எழுதுங்க" என்றாள். நான் என்ன செய்வேன், எழுதினேன். மூன்று நாள் எழுதினேன். ரெண்டு சுளையோடு நிற்க என்னால் முடியவில்லை, நாலாம் நாள் பழம் தீர்ந்தது, வாடையும் நின்றது, நாம் புகார் கொடுத்ததும் மூடிட்டானுங்க பாருங்க என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தோடு போயிருந்தால் நானும் வாயைத் துடைத்துக்கொண்டு இருந்திருப்பேன். நாடு முழுவதற்கும் காற்று விதிகளைத் திருத்தி எழுதப்போகிறார்களாம், அதற்காக டெல்லியிலிருந்து ஒரு கமிட்டி நம்மைப் போன்ற ஊர்க்காரர்களைக் கேட்கக் கடலூர் வந்தது, எங்கள் நோட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். பலாப்பழம் ஏறிய மூன்று பக்கத்தைக் கிழித்துவிடலாமென்றால் பக்கத்துக்கெல்லாம் நானே நம்பர் போட்டுவைத்திருக்கிறேன். மண்டபத்தில் எதிர்வீட்டு ஜெயராணி டீச்சர் எழுந்து, இது இதுவரை வராத புது வாயு என்று அந்தப் பக்கங்களைத்தான் முதலில் வாசிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து, கமிட்டிக்குத் தலைமையாக வந்திருந்த டெல்லி அம்மாளிடம், அது வாயு இல்லை, நான் ஒளித்துவைத்துத் தின்ற பழம் என்று சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. கம்பெனி தரப்பில் வந்தவர் சிரித்து முடித்து, மொத்த நோட்டும் இப்படித்தான் இருக்கும் என்றார். ஐந்து வருட உழைப்பு என் நாக்கால் போயிற்று. உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

டெல்லி அம்மாள் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, விறகுக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒன்றே ஒன்று கேட்டார். "நாப்பது அடி இருக்கும்ங்க, நடுவுல வீடு இருக்குது" என்றாள் அம்மா. வீட்டுக்கு அந்தப் பக்கம் சாக்குக்கு அடியிலிருந்த பழத்தைக் கண்டுபிடித்த மூக்கு, தன் தப்பைத் தானே வந்து சொல்கிற எழுத்தர், இந்த இரண்டும் இருக்கிற நோட்டின் மீதிப் பக்கங்களை நான் நம்புகிறேன் என்று சொல்லி, அந்த மூன்று பக்கங்களையும் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடும்படி என்னிடம் சொல்லி, நோட்டை நகலெடுத்துக்கொண்டு போனார். விதியில் நமக்காக ஒரு வரி ஏறுமா என்பது தெரியாது, அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

திரும்பிவந்து குடிகாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா, "வாடையே இல்லாம சேந்தாப்புல எத்தினி நாளு எழுதியிருக்கீங்க, பாருங்க" என்றாள். தேடிப் பார்த்தேன், ஐந்து வருடத்தில் அதிகபட்சம் பதினோரு நாள். "பச்சப்புள்ளைக்கு மூணு மாசமாவது நல்ல காத்து வேணும், அவள இங்க கூட்டியார வேணாம், நான் அங்க போறேன்" என்றாள். தூளிக்கென்று துவைத்துவைத்திருந்த புடவையைத் தன் பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள். மகளைப் பிரசவத்துக்கு அழைக்காத அப்பன் என்று ஊர் பேசும். பேசட்டும், எனக்கும் வருத்தம்தான், ஆனால் அவள் சொல்வது சரி.

அவள் வரும்வரை இரும்பு மாத்திரையை விடாதே. பழம் நானே வாங்கியது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன், அவளிடம் கண்ணாயிரம் பேச்சை எடுக்காதே. அவள் இல்லாதபோது நோட்டுக்கு மூக்கும் நான்தானாம், அதற்காகப் பொடியை விட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. இன்று காலை முதல்முறையாக அழுகின முட்டை எனக்கே தெரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடமும் அவள் சொல்லச் சொல்ல இதைத்தான் நான் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், மகளே.

பேரனோ பேத்தியோ, நல்ல காற்றில் கண் விழிக்கட்டும். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சு. திருநாவுக்கரசு