தலையில் அடிபட்ட கோடை

2025 மே 4, ஞாயிறு

சீசனின் முதல் மட்ச். வென்றோம். எற்றோபிக்கோ மைதானத்தில் இன்னும் புல்லைவிடச் சேறுதான் கூட. அம்மா போனில் கேட்டா: "முப்பத்தொரு வயசிலை உது என்ன விளையாட்டு, பேர்ணடெற்?" நாலு வருஷமாக விளக்குகிறேன். கேலிக் புட்போல், அம்மா. ஐரிஷ் ஆக்களின் விளையாட்டு. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதுக்கு மூன்று புள்ளி. ரீமில் ஒரே தமிழ்ப் பெட்டை நான்தான். டிபென்ஸ். என்னைத் தாண்டிப் போறது லேசில்லை!

மே 18, ஞாயிறு

உயரத்தில் வந்த பந்துக்கு நானும் மற்ற ரீம்காரியும் ஒன்றாக எழும்பினோம். அவளுடைய முழங்கை என் நெற்றிப்பொட்டில். விழுந்தது நினைவில்லை. கோச் டெக்லன் எத்தனை விரல் என்று கேட்டார். இரண்டு என்றேன். குத்துமதிப்புத்தான். மிச்சப் பதினைந்து நிமிஷமும் விளையாடினேன். கப்டன் ஓர்லா முதுகில் தட்டி, "இரும்பு நீ" என்றாள். பெருமையாக இருந்தது.

மே 19, திங்கள்

விக்டோரியா டே லீவு. நல்ல காலம். யன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துது.

மே 21, புதன்

இன்று வேலைக்குப் போனேன்.

பார்மசியில் ஒரு வயதானவருடைய மருந்து. இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை. சீட்டில் ஒரு மில்லிகிராம். நான் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தது பத்து மில்லிகிராம் போத்தலுக்கு. பையில் போட எடுத்த உதவியாளர் கஜனிதான் நிறுத்தினாள். "அக்கா, இது வெள்ளைக் குளிசை. ஒரு மில்லிகிராம் எண்டா பிங்க் எல்லே?"

பார்மசிஸ்டாக இருக்கிற இந்த ஏழு வருஷத்தில் ஒருநாளும் இப்படி நடந்ததில்லை. அந்த மனுசன் அதைக் கொண்டுபோய்க் குடிச்சிருந்தா? ஒரு கிழமை குடிச்சிருந்தா?

மனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். லீவு போட்டுவிட்டேன்.

மே 22, வியாழன்

டொக்டர் ஒரு சந்தேகமும் இல்லாமல் சொன்னார்: மூளை அதிர்ச்சி. கன்கஷன். அது ஆற முன்னம் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாமாம். இருபத்தாறு வயசுக்குக் கீழே உள்ளவர்களை உடனே வெளியே எடுக்க ஒன்ராறியோவில் சட்டம் இருக்கு. என்னுடைய வயசுக்கு அப்படி இல்லை; நானே சொல்லி வெளியே வரவேணும்.

எப்படிச் சொல்லுறது? சொல்ல வேண்டிய மூளையில்தானே அடி.

மே 25, ஞாயிறு

கணவர் கிளிபோட்டோடு சண்டை. "இனி உந்த விளையாட்டு வேண்டாம்" என்றார். நான் கத்தினேன், தலை இடித்தது, நிலத்தில் இருந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு மட்ச் முடிஞ்சு வரேக்கை காரிலை ஆர் வெண்டது எண்டு ரெண்டு தரம் கேட்டனீர். பகிடி எண்டனீர். நான் நானூற்றியொண்டு ஹைவேயிலை அழுதுகொண்டு கார் ஓடினனான்."

எனக்குக் கேட்டதே ஞாபகமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

இருபது நிமிஷம் வாசித்தேன். தலையிடி இல்லை!

ஜூன் 22, ஞாயிறு

கிளப் கூட்டம். கறுப்புக் கண்ணாடியோடு போனேன். ஒரு விதி கேட்டேன், ஒன்றே ஒன்று: ஒவ்வொரு மட்ச்சிலும் கோட்டோரம் ஒருவர் நிற்கவேணும். தலையில் அடி என்று அவருக்குச் சந்தேகம் வந்தால் ஆள் வெளியே, அன்று திரும்ப வரமுடியாது. கோச்சும் கப்டனும் வாய் திறக்கக்கூடாது.

ஓர்லா எழும்பினாள். கோர்க்கில் பிறந்தவள், நடக்கத் தொடங்கினதில் இருந்து விளையாடுகிறவள். "எனக்கு என் தலை தெரியும். வெளியாள் வந்து சொல்லத் தேவையில்லை."

எனக்குக் கோபம் வரவில்லை. வெள்ளைக் குளிசையின் கதையைச் சொன்னேன். முழுவதும். அந்த மனுசன் மகளோடு காத்திருந்து, சரியான போத்தலை வாங்கி, "தாங்க்யூ, டியர்" என்று சொன்னது வரைக்கும்.

வாக்கெடுப்பில் பத்தொன்பதுக்கு ஆறு. வென்றோம்! ஓர்லாவின் கை அந்த ஆறில்.

பிறகு, கோட்டோரம் ஆர் நிற்கிறது என்று டெக்லன் கேட்டார். பின்வரிசையில் என்னைக் கூட்டிப்போக வந்திருந்த கிளிபோட் கையை உயர்த்தினார். நான் வாயைப் பிளந்தேன். காரில் சொன்னார்: "தலையடியைக் கண்டுபிடிக்கிற பயிற்சி வகுப்புக்குப் போறன். எனக்கு ஆர் வெண்டாலும் ஒண்டுதான். பத்து வருஷமா பஸ் ஓடுறன், ஆக்கள் கத்தினா எனக்குக் காதிலை ஏறாது."

ஜூலை 20, ஞாயிறு

நடை, ஓட்டம், ஆளோடு ஆள் முட்டாமல் பயிற்சி, பிறகு முட்டியும் பயிற்சி. ஒவ்வொரு படியாக ஏறி, டொக்டர் அனுமதியை எழுத்தில் தந்த பிறகு இன்று மட்ச். முதல் உயரப் பந்துக்குக் கண்ணை மூடிவிட்டேன். இரண்டாவதைப் பிடித்தேன்.

பிடிச்சிட்டன்!

செப்ரெம்பர் 7, ஞாயிறு

இறுதி மட்ச். எல்லாவற்றையும் எழுதிவைக்க வேணும்.

எட்டு நிமிஷம் இருக்க, சமன். ஓர்லா பந்தோடு பாய்ந்தாள், இருவர் மோதினார்கள், அவளுடைய பின்னந்தலை நிலத்தில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. உடனே எழும்பிவிட்டாள். ஆனால் அடிக்கவேண்டிய பக்கத்தை விட்டு எங்களுடைய கோலைப் பார்த்து நின்றாள்.

நடுவர் விசில் ஊத, கிளிபோட் உள்ளே நடந்து வந்தார். ஓடவில்லை, நடந்துதான். "ஓர்லா, வெளியிலே."

அவள் கத்தின கத்தல்! ஐரிஷில் கொஞ்சம், இங்கிலிஷில் மிச்சம். டெக்லன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தார், ஆனால் வாய் திறக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையை எழுதுகிறேன்: எட்டு நிமிஷம்தானே என்று ஒரு கணம் நானும் நினைத்தேன். விதியைக் கேட்ட நானே.

கிட்டப் போய் அவளுடைய கையைப் பிடித்தேன். "இன்றைக்கு யாரோடு விளையாடுகிறோம், ஓர்லா?"

போன கிழமை விளையாடின ரீமின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் முதல்தரம் பயம். கிளிபோட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். டெக்லனின் மனைவி நேரே எமெர்ஜென்சிக்குக் கொண்டு போனா.

எங்கள் ஆகச் சிறந்த ஆள் இல்லாமல் எட்டு நிமிஷம். அவர்கள் அலையலையாக வந்தார்கள். ஒருத்தி கோலுக்கு முன்னால் தனியாக. நான் முழு நீளத்துக்கும் பாய்ந்து, அவள் உதைத்த பந்தை இரண்டு கையாலும் மறித்தேன். விரலெல்லாம் நெருப்பு. எழும்பி, பந்தை எடுத்து, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் அடித்தேன். முன்வரிசைப் பிள்ளை பிடித்தாள், திரும்பினாள், கம்பத்துக்கு மேலால்!

ஒரு புள்ளியால் வென்றோம். எங்களுக்கு இரண்டு கோலும் ஒன்பது புள்ளியும், ஆகப் பதினைந்து; அவர்களுக்கு ஒரு கோலும் பதினொரு புள்ளியும், ஆகப் பதினான்கு. கிளிபோட் துள்ளினதை நான் கண்டேன். ஆர் வெண்டாலும் ஒண்டுதானாம்!

செப்ரெம்பர் 8, திங்கள்

ஓர்லாவுக்கு ஸ்கானில் இரத்தக் கசிவு இல்லை. கடுமையான கன்கஷன். வெற்றிக் கிண்ணத்தைக் கொண்டுபோய் அவளுடைய கட்டிலில் வைத்தோம். கிளிபோட்டைக் கிட்டக் கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவருடைய கையைப் பிடித்து அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், "ஓகே, ஓகே, தண்ணி குடியும்" என்று தமிழில் சொன்னார்.

நவம்பர் 9, ஞாயிறு

லீக்கின் ஆண்டுக் கூட்டம். எல்லாக் கிளப்புக்கும் எங்கள் விதி. முன்மொழிந்தது ஓர்லா. பேச்சு இரண்டு நிமிஷம்கூட இல்லை: "இவர்கள் என்னை வெளியே எடுத்தார்கள். அதனால்தான் இங்கே நின்று பேசுகிறேன்." எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. நான் விசில் அடித்தேன், கூட்டம் என்றும் பார்க்காமல்.

2026 ஏப்ரல் 26, ஞாயிறு

முதல் பயிற்சி. டொக்டர் அனுமதி தந்துவிட்டார், ஓர்லா விளையாடினாள். கிளிபோட் காலையில் மற்றக் கிளப்புகளின் பதினொரு பேருக்கு வகுப்பு எடுத்துவிட்டு வந்து, குளிருக்குள் முழுநேரமும் கோட்டோரம் நின்றார். ஒருவரையும் வெளியே கூப்பிட வேண்டி வரவில்லை. வரும் வழியில் இரண்டு பேருக்கும் நல்ல பசி. கொத்துரொட்டி வாங்கிக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம்.