வளையலுக்குள் அடங்கிய ஊர்

ஊலு, பின்லாந்து
6 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு, மது அநேக நமஸ்காரம். அம்மாவுக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லவும்.

இங்கே பனி உருகி ஆறு நிறைந்து ஓடுகிறது. வீட்டிலிருந்து இறங்கினால் நேரே ஆற்றங்கரைப் பாதை. நடுவில் சின்னச் சின்னத் தீவுகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மரப்பாலம். நடக்கிறவர்களுக்குத் தனி வழி, சைக்கிளுக்குத் தனி வழி. பெரிய ரோடு குறுக்கே வந்தால் பாதை அதற்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை.

கீழ்வீட்டு ஐனோ அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. பனியிலும் சைக்கிள்தான். தன் பழைய சைக்கிளை எனக்குக் கொடுத்திருக்கிறாள். அதில் ஏறியதும் உன் நினைப்புத்தான். சின்ன வயசில் நம் ஊர் லேக் ஓரத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவாயே. பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே விட்டுவிட்டாய். அந்தப் பொய்யில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஒரு வேண்டுகோள். பாதைகளைப் பற்றியெல்லாம் கடிதத்தில் பேசுவோம், போனில் வேண்டாம். போன் என்றால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடுகிறது. எங்கள் தபால்பெட்டி மூடி சரியில்லை, ஐனோ பெயருக்கே அனுப்பு. என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வேலை அதிகம். மற்றபடி சௌக்கியம்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை மது

*

பாலிகஞ்ச், கொல்கத்தா
29 மே 2024

சௌபாக்கியவதி மதுவுக்கு, நாகலக்ஷ்மி ஆசீர்வாதம். இவ்விடம் அம்மாவும் நானும் க்ஷேமம். அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

நீ ஆறு என்கிறாய், தீவு என்கிறாய். எனக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இடுப்பு முறிந்து அம்மா படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயா மாசி பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய்விடுகிறாள். பாங்கு, மருந்து, காய்கறி எல்லாம் அதற்குள். பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது காரியாஹாட் மார்க்கெட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக ஒருத்தி வந்தால் அது நான்தான். சைக்கிள் வாங்கலாமென்றால் பெரிய ரோட்டில் சைக்கிளுக்குத் தடை என்று போலீஸ் போர்டு வைத்திருக்கிறது.

பொறாமையாக இருக்கிறது மது. மறைத்து என்ன ஆகப்போகிறது? மாப்பிள்ளை நரேனைப் பார்த்து முடித்ததும் நான்தான், ஜாடிக்கேற்ற மூடி என்று அம்மாவிடம் சொன்னதும் நான்தான். நீயாவது காலாற நடக்கிறாய்.

இருபத்திரண்டு வருஷம் ரயில்வே டிராயிங் ஆபீசில் கோடு போட்ட கை சும்மா இருக்குமா? ஜெராக்ஸ் கடையில் உங்கள் ஊர் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் ஒட்டி, நீ போகிற வழிகளை மசியில் போட்டுக்கொண்டு வருகிறேன். அம்மா கட்டிலுக்கு நேரே சுவரில் தொங்குகிறது. "அந்தக் குளிர்ல அவளுக்கு நடக்கறதைத் தவிர வேற வேலையே இல்லையாடி?" என்கிறாள். ஆனாலும் புதுக் கோடு போட்டேனா என்று தினம் கேட்கிறாள்.

அதனால் இனிமேல் எத்தனை மணிக்குக் கிளம்பினாய், எத்தனை மணிக்குத் திரும்பினாய், இரண்டையும் எழுது. நேரம் இருந்தால்தான் தூரத்தைச் சரிபார்க்க முடியும்.

தீபாவளிக்கு வந்து பத்து நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளேன். நான் காசி ராமேஸ்வரம் போகப்போவதில்லை. கீழே இறங்கி, மணி பார்க்காமல் நடந்துவிட்டு வருவேன். அது போதும்.

உன் அக்கா,
நாகலக்ஷ்மி

*

ஊலு
21 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு, நமஸ்காரம்.

டிராயிங் ஆபீஸ் உத்தரவுப்படி கணக்கு ஒப்படைக்கிறேன். போன வாரம் திங்கள்கிழமை பத்தே காலுக்குக் கிளம்பி, மூன்று மரப்பாலம் தாண்டி, சிவப்புப் படகுக் கொட்டகை வரை நடந்தேன். வீடு திரும்பியது பத்து ஐம்பத்தைந்து. செவ்வாய் அதே ஆறு, எதிர்க்கரை. பத்தே கால், பத்து ஐம்பத்தைந்து. வியாழன் பைன் காட்டுக்குள் போகிற பாதை, அதே நேரம்தான். வெள்ளிக்கிழமை பத்தே காலுக்குச் சைக்கிளில் கிளம்பிக் கடற்கரைப் பாதை முழுவதும் போய்வந்தேன். முப்பது கிலோமீட்டர் என்று பலகையில் போட்டிருக்கிறது. கடலோரம் மணல், மரவீடுகள், ஒரு கலங்கரை விளக்கம். அன்றைக்கும் பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்துவிட்டேன்.

ராத்திரியிலும் இருட்டுவதே இல்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறோம்.

தீபாவளிக்கு வருவது கஷ்டம் அக்கா. அவருக்கு லீவு கிடைக்காது, என்னைத் தனியே அனுப்ப அவருக்கு மனசில்லை. கோபித்துக்கொள்ளாதே. இது நல்ல ஊர். ஊரில் ஒரு குறையும் இல்லை.

மது

*

பாலிகஞ்ச்
12 ஜூலை 2024

மதுவுக்கு,

ஆயா மாசி வந்திருக்கிறாள். இன்றைக்கு நான் கடைக்குப் போகவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நாற்பது நிமிஷத்தில் முப்பது கிலோமீட்டர். நம் பாலிகஞ்ச் லோக்கல் ரயில்கூட அப்படிப் போகாது. முதலில் சிரித்தேன். பிறகு நீ எழுதிய நேரங்களை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லா நாளும் நாற்பது நிமிஷம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நேரத்தை நிஜமாக எழுதியிருக்கிறாய், தூரத்தைப் பலகையிலிருந்து எடுத்திருக்கிறாய். நாற்பது நிமிஷத்தில் நடந்து திரும்பக்கூடிய வழிகளை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி வரைந்தேன். என் வளையலைக் கழற்றி உன் வீட்டின் மேல் வைத்தேன். எல்லாக் கோடும் அதற்குள் அடங்கிவிட்டது.

மணி பார்த்து நடக்கிறவளை இன்னொருத்திக்குத் தெரியாதா? எனக்காவது அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள். பதினொரு மணிக்கு உனக்காகக் காத்திருப்பது யார்? நரேனா? கடிதம் என்றாய், ஐனோ பெயருக்கு அனுப்பு என்றாய். வீடியோவில் பேசும்போதெல்லாம் அவர் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து, நீ சொல்ல வேண்டியதையும் சேர்த்துச் சொன்னார். எவ்வளவு அன்பு என்று அம்மாவிடம் பெருமை பேசினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். அதிலிருக்கும் சிவப்புக் கோடு நீ இதுவரை போகாத வழி. உன் வீட்டிலிருந்து ஆற்றோரமாகவே போய், பெரிய ரோட்டுக்கு அடியில் இரண்டு தடவை புகுந்து, ரயில் நிலையத்தில் முடிகிறது. ஒன்பது கிலோமீட்டர். ஐனோ சைக்கிளில் நாற்பது நிமிஷம் ஆகும், போவதற்கு மட்டும். ஹெல்சிங்கியில் நம் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட் கையில் இல்லாவிட்டாலும் ஊர் திரும்பக் காகிதம் கொடுப்பார்களாம், விசாரித்துவிட்டேன். ஐனோவிடம் எல்லாவற்றையும் சொல். சைக்கிளைக் கொடுத்தவள் கைவிடமாட்டாள்.

நான் நினைத்தது தப்பென்றால் நாலு திட்டு எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். தப்பில்லை என்றால் கிளம்பு. இந்தத் தடவை சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வர என்னால் ஆகாது. அம்மாவை விட்டு இந்த மாடிப்படியைத் தாண்ட வழியில்லை. கோடு போட மட்டும்தான் முடிந்தது.

அக்கா

*

ஹெல்சிங்கி
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு எழுத ஒன்றுமில்லை.

அவர் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அதனாலேயே யாரிடம் என்னவென்று சொல்வது என்று தெரியாமல் ஆறு வருஷம் போய்விட்டது. காலை ஒன்பதிலிருந்து ஆபீசிலிருந்தே மணிக்கொரு வீடியோ கால். என் முதுகுக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சுவர் தெரிய வேண்டும். போன் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும், அதனால் பத்து மணி கால் முடிந்ததும் அதை மேஜையிலேயே விட்டுவிட்டு நடக்கப் போவேன், அடுத்த காலுக்குள் ஓடி வருவேன். கடற்கரைப் பாதையை நான் பார்த்ததே இல்லை. பலகையில் இருந்த படங்களைப் பார்த்துத்தான் எழுதினேன். நீ ஒருத்தியாவது நான் நன்றாயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன்.

உன் படத்தை ஐனோவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். செவ்வாய்க்கிழமை பத்து மணி காலில் சிரித்துப் பேசினேன். போன் சமையல்மேடையில் இருந்தது, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். ஐனோ தன் சைக்கிளில் முன்னால் போனாள், நான் பின்னால். இரண்டாவது சுரங்கப்பாதையில், திரும்பிவிடலாமா என்று இறங்கிவிட்டேன். அவள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள். மறுபடி ஏறினேன். பதினொரு மணிக்கு நாங்கள் பிளாட்பாரத்தில் இருந்தோம்.

இப்போது பெண்கள் விடுதியில் இருக்கிறேன். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ள முடிகிறது. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, பதினொன்று அடித்தால் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறது, தூதரகக் காகிதம் பத்து நாளில் வருமாம். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ ஒன்றும் சொல்லாதே.

நான் வந்த மறுநாள் ஆயா மாசிக்கு லீவு கொடு. அம்மா பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கு. எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய் என்று நான் கேட்க மாட்டேன்.

மது