ராவணனின் பத்தாவது தலை

மாப்ளே,

இன்று காலை பேத்தியின் மேசையிலிருந்து ஒரு நெடி வந்தது. ரெசின் என்று ஒரு திரவம்; அதைச் சிலிக்கான் அச்சில் ஊற்றிச் சாவிக்கொத்துக்குப் பொம்மை வார்க்கிறாள். ரப்பர் மாதிரி வளைகிற அந்த அச்சைக் கையில் வாங்கி அமுக்கினேன். உன் கன்னம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம். வச்சிரப் பசையையும் வெல்லப்பாகையும் காய்ச்சிச் சிவகாசி அச்சாபீஸ்களுக்கு மை தடவுகிற ரோலர் வார்த்துக்கொண்டிருந்தேன் நான். நீ நம் ஊர் மல்லாங்கிணற்றில் பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டு ராவணன் வேஷத்துக்கு ஏங்கிக் கிடந்தாய். பங்குனிப் பொங்கல் நாடகத்தில் வருஷா வருஷம் உனக்குக் குரங்கு வேஷம்தான். அந்த வருஷம் ராவணனின் காகிதத் தலைகளைக் கரையான் தின்றுவிட்டது. நாடக வாத்தியார் உன்னிடம், “ஒம்போது தலையோட வந்தா நீ ராவணன். இல்லேன்னா கொரங்குதாம்லே” என்று சொல்லிவிட்டார். அடுத்த பஸ்ஸில் என் முன்னால் வந்து நின்றாய்.

“பத்தும் ஒரே மூஞ்சியா இருக்கணும்லே. எம் மூஞ்சியவே அச்செடு.”

கழித்துப் போட்ட ரோலர் பசையை உருக்கி, சூடு ஆறவிட்டு, எண்ணெய் பூசிய உன் முகத்தில் ஊற்றினேன். மூச்சுக்கு மூக்கில் இரண்டு பப்பாளி இலைக்காம்புக் குழாய். நீ வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதைச் சும்மா விட முடியுமா? “ஒனக்கு எதுக்கு மாப்ளே இன்னும் ஒம்போது? இந்த ஒண்ணையே ஊரு தாங்கல” என்றேன். பசைக்குள்ளேயே சிரித்துவிட்டாய். உரித்துப் பார்த்தால், இடது உதட்டோரம் மேலே ஏறிய ராவணன்.

திரும்ப எடுக்க நாளில்லை. பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினோம். இறுகும்போது மாவு சுடும். அந்தச் சூட்டிலும் நம் ஊர் வெயிலிலும் அச்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கிணற்றில் இறக்கிக் குளிரவைக்கலாம் என்றால் கிணற்றில் தண்ணீர் இல்லை. முதல் தலை அச்சு அசல் நீ. அடுத்தடுத்த தலைகளுக்குக் கன்னம் உப்பிக்கொண்டே போய், ஒன்பதாவது பணியாரம் மாதிரி வந்து நின்றது. “போச்சுலே, மறுபடியும் வாலுதான்” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாய்.

பாரம் தாங்காது என்று தலைகளைப் பலகையில் அறைந்து உன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினோம். திரை விலகியதும் கூட்டம் ஓவென்று சிரித்தது. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் நீ அசரவில்லை. அந்த ஒன்பது சிரிப்புக்கும் நடுவில் நின்று கர்ஜித்தாய். ராமன் வில்லை எடுத்தபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: “பாவம்யா, அந்த மனுசன விட்டுருங்க!” விடிந்ததும் வாத்தியார், “அடுத்த வருசமும் நீதாம்லே” என்றார். உன் முழங்கால் தேயும்வரை ஊருக்கு வேறு ராவணன் கிடையாது.

ஒன்பதாவது தலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வயசான காலத்தில் நீ அதே மாதிரி உப்பிப்போனாய். கண்ணை மூடும்வரை, என் வீட்டுச் சுவரில் அதைப் பார்க்கும்போதெல்லாம், “அன்னைக்கே சரியாத்தாம்லே வார்த்திருக்க” என்பாய்.

பேத்தி இப்போது அதைச் சுவரிலிருந்து இறக்கி, “சிலிக்கான் உருகாது தாத்தா. எத்தனை தலை வேணும்னாலும் ஒரே மாதிரி வார்த்துத் தாரேன்” என்கிறாள். வார்க்கட்டும். என்னைத் திருப்பித் திட்டிய தலை, உன் கழுத்தில் இருந்த அந்தப் பத்தாவது ஒன்றுதான், மாப்ளே. அதன் முகத்துக்கு அச்செடுத்தேன்; திட்டுக்குத்தான் எடுக்காமல் விட்டுவிட்டேன்.