வீட்டுக்குக் காய்ச்சல் இறங்கிய விவரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். மூவர் என்றதும் பயந்துவிடாதே, நான், உன் அம்மா, வீடு, அவ்வளவுதான். வீட்டையும் சேர்த்து எழுதச் சொன்னது அம்மா. நீயும் உடம்பும் வேலையுமாக நல்லபடி இருப்பதாகவே நினைத்து எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல்ல வேண்டும். போனில் கூப்பிடும்போதெல்லாம் ஏசி மாட்டியாச்சா என்று கேட்கிறாய். அம்மா பக்கத்தில் நின்று கையை ஆட்டுவதால் நானும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் அங்கே மழை உண்டா என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். நடந்ததைப் போனில் சொன்னால் எனக்கு வயதாகிவிட்டது என்று நினைப்பாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஏசி வந்த அன்றைக்கே மாட்டுவதற்கு மெக்கானிக்கும் வந்தார். பெட்டியைப் பிரித்து, ஏணி போட்டு, படுக்கையறையின் மேற்குச் சுவரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, துளை போடும் மிஷினை எடுத்தார். அம்மா கட்டில் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்திருந்ததுதான் அப்போது எனக்குப் பெரிய கவலை, உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. தலைமை நர்ஸாக ஒரு வார்டையே கண்ணசைவில் ஆட்டி வைத்தவள், ரிட்டயர் ஆன பிறகு காலையில் எழுந்து டியூட்டி ஷூவைத் துடைப்பாள், போட்டுப் பார்ப்பாள், கழற்றி வைத்துவிட்டு அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். தூக்கமும் இல்லை. வெயில்தான் காரணம் என்று நீ நினைத்து ஏசி அனுப்பினாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். மெக்கானிக் மிஷினைச் சுவரில் வைத்ததும் அம்மா எழுந்து, "எதுக்குத் தம்பி ஓட்டை" என்று கேட்டாள். குழாய் போகணும்மா என்றார் அவர். "மருந்து மாத்திரை எதுவும் குடுத்துப் பாக்காம நேரா ஆபரேஷனா" என்றவள், சுவரில் புறங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "இதுக்குக் காய்ச்சல். மேக்குப் பக்கம் ஜாஸ்தி. ஒரு மாசம் நான் பாக்கறேன், இறங்கலேன்னா நீங்க வந்து அறுங்க" என்று சொல்லி அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். போகும்போது மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன், வைத்திய விஷயத்தில் நான் என்ன சொல்ல முடியும்.

மறுநாள் எழுந்து பார்த்தால் ஷூவைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ரவுண்ட்ஸ் போகிறாள். முதலில் ரத்தப்போக்கை நிறுத்த வேண்டும் என்று ஒழுகுகிற குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்ற வைத்தாள். ஃபிரிட்ஜைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, முதுகில் அப்பியிருந்த தூசியைத் துடைத்து, "இத்தனை வருஷம் ஒரே பக்கமா கிடந்தா படுக்கைப்புண் வராம என்ன செய்யும்" என்று என்னைத் திட்டினாள், நான்தான் அதைப் படுக்கப் போட்ட மாதிரி. கதவிடுக்குகளுக்குப் பழைய துணியைச் சுருட்டிக் கட்டுப் போட்டாள். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, அதற்கு அவள் வைத்த பெயர் களிம்பு, தடவியது நான், முட்டி இன்னும் வலிக்கிறது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்குகிறது. அந்தச் சுவரோரம் கொடி வைத்து, பாத்திரம் அலசின தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி ஆஸ்பத்திரி டியூபில் டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறாள், சொட்டின் வேகத்தை நின்று கவனிக்கவும் செய்கிறாள். விடிந்ததும் ஜன்னல் எல்லாம் திறக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் மூடிவிட வேண்டும். மதியம் வீட்டுக்கு ஓய்வு, அப்போது அடுப்பு பற்ற வைக்கக் கூடாது, உரக்கத் தும்மக் கூடாது. ஒருநாள் தெரியாமல் நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன், நோயாளியைவிட நோயாளியைப் பார்க்க வருபவர்களால்தான் எப்போதும் தொல்லை என்று சொல்லி என்னைக் கடைக்கு விரட்டிவிட்டாள். எதிர்வீட்டு மாடிக்காரர் நம் வெள்ளை மாடி கண்ணைக் கூசுகிறது என்று சண்டைக்கு வந்தார். அவரையும் என் கடைக்கே அனுப்பி வைத்தாள். இப்போது அவர்கள் வீட்டில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பால்கனியில் டீ குடிக்கிறார்கள், பார்க்க உளவாளிக் குடும்பம் மாதிரி இருக்கிறது.

காய்ச்சல் இறங்கிவிட்டது, கண்ணு. நானும் முதலில் நம்பவில்லை. மதியம் கடையிலிருந்து வந்து உள்ளே கால் வைத்தால் வேறு யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்துவிட்டேனோ என்று இருக்கிறது, மின்விசிறியைக்கூட மெதுவாக வைத்தால் போதும். மாசம் முடிந்து மெக்கானிக் மிஷினோடு வந்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், தன் வீட்டுக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போனார். ஏசியைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அட்டைப் பெட்டி இல்லாமல் வாங்கமாட்டார்களாம், பெட்டியை அம்மா ஏற்கனவே வெட்டித் தெற்கு ஜன்னலுக்கு வெயில் மறைப்பாக வைத்துவிட்டாள். கடைசியில் அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மருந்து அறைக்கு உன் சார்பாகக் கொடுத்துவிட்டோம். மருந்துக்குத்தான் குளிர் வேண்டும், மனுஷனுக்குக் காற்று போதும் என்கிறாள். கோபப்படாதே. அதைவிட முக்கியம், உன் அம்மா தூங்குகிறாள். நாளெல்லாம் வீட்டுக்குப் பணிவிடை செய்த களைப்பில் படுத்ததும் குறட்டை, நான்தான் சந்தோஷத்தில் தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் தேவலை. மின்சார ஆபீஸிலிருந்து மீட்டர் பார்க்க வருகிறவர் ஒருநாள் மதியம் வந்து, மீட்டர் நகரவே இல்லையே, இது திருட்டு வேலை, லைனை வெட்டிவிடுவோம் என்றார். இந்த வயதில் எனக்குத் திருடன் என்ற பெயர் வேறா. அம்மா அசையவில்லை. "நோயாளி கம்மியா சாப்பிட்டா டாக்டரைக் கூப்பிடுவாங்க, போலீஸ் எதுக்கு. செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய்ப் பாருங்க, சத்தம் போடாதீங்க" என்றாள். அவர் ஒவ்வொரு அறையாகச் சோதனை போட்டுக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்சைப் பார்க்க ஓரமாக உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். வெயிலில் அலைந்து வந்தவர் அல்லவா. எழுப்பப் போன என்னை அம்மா தடுத்து, அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல தூக்கம், கெடுக்காதீங்க என்றாள். வெகு நேரம் ஆளைக் காணோம் என்று அவருடைய அதிகாரி தேடிக்கொண்டு வந்தார், ஆளைப் பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று வாசலிலேயே கத்தினார். அம்மா உதட்டில் விரலை வைத்தாள். அவர் தாழ்ந்த குரலில் கத்திக்கொண்டே உள்ளே வந்தார். முகம் சிவந்திருக்கிறது, பிரஷர் பார்த்துவிடுகிறேன் என்று ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள், அது இறுகி முடிவதற்குள் அவரும் தூங்கிப் போய்விட்டார். சாயங்காலம் வரை என் வீட்டில் மின்சார ஆபீஸ் மொத்தமும் தூங்கியது, நான் கூடத்தில் கால் விரல் நுனியில் நடந்துகொண்டிருந்தேன்.

எழுந்ததும் அதிகாரி கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "மீட்டர்ல தப்பு இல்லம்மா. எங்க ஆபீஸ்தான் தகரக் கூரை, உள்ள உக்காந்தா ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்கறோம். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க" என்றார். அவ்வளவுதான், அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது அங்கே கூரைக்குக் களிம்பு, ஜன்னலுக்குத் தட்டி, தேவையில்லாமல் எரிகிற விளக்குகளுக்குப் பத்தியம். அந்த ஆபீஸின் கரண்ட் செலவு சரசரவென்று இறங்கியதில், மின்சார ஆபீஸே மின்சாரம் திருடுகிறது என்று தலைமை ஆபீஸிலிருந்து விசாரணைக்கு ஆள் வரப்போகிறதாம். அதிகாரி வெலவெலத்துப் போயிருக்கிறார். அம்மா மட்டும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டு, அத்தனை தலையணைக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி உன் விஷயம். போன தடவை நீ பேசி முடித்ததும் அம்மா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வேலை முடிந்தும் ஆபீஸிலேயே உட்கார்ந்திருப்பதாகவும், வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, ஒரே புழுக்கம் என்றும் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயாம். எனக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. அவள், "அது வீட்டுப் புழுக்கம் இல்லைங்க. நான் சுவரையே பாத்துக்கிட்டு இருந்தேனே, அந்தக் குரல்" என்றாள். அன்றிலிருந்து உன் அறை எந்தத் திசை பார்த்திருக்கிறது, ஜன்னலைத் திறக்க முடியுமா என்று என்னைக் குடைகிறாள், எனக்கு என்ன தெரியும். இடம் சின்னது, நீங்கள் வந்தால் கஷ்டப்படுவீர்கள் என்று முன்பு நீ சொன்னதை மனதில் வைத்திருக்கிறாள், அதனால் வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் திரைச்சீலைத் துணி வாங்கி வைத்துவிட்டாள், கத்தரிக்கோலும் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை நீளம் வெட்டுவது என்றுதான் தெரியாமல் நிற்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு வெளியே போகாதே. நீ நீண்ட ஆயுளோடு, நல்ல தூக்கத்தோடு, நாலு பேர் பேச்சுச் சத்தத்துக்கு நடுவில் இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. ஒன்று மட்டும் மறக்காதே, உன் ஜன்னலின் அகலம் உயரத்தை அளந்து அனுப்பு. கிளம்பி வாங்க என்று தனியாக எழுத வேண்டாம், அளவு வந்தாலே அவளுக்குப் புரிந்துவிடும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா