"மாத்திரையை விட்டேன், மனிதனானேன்!"

இயேசு மரி சூசை துணை

ஓசூர்
15-4-1968

ஆசையுள்ள அருள்செல்விக்கு,

உன் யேசுராஜ் எழுதுவது. தவக்காலம் முடிகிறவரை உனக்குக் கடிதம் போடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இறைச்சியை விட்டதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, இதுதான் கஷ்டமாக இருந்தது. நேற்று உயிர்த்த திருநாள் பூசை முடிந்தது. இன்று காலையிலேயே பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். மாமா, அத்தை சுகமா? உன் தையல் வகுப்புப் பிள்ளைகள் அடங்கி இருக்கிறார்களா?

என் வியாபாரம் ஓகோவென்று நடக்கிறது. பெங்களூர் முதலாளி கூப்பிட்டு முதுகில் தட்டினார். ஓசூரிலிருந்து பாரூர் வரைக்கும் நோய் தீர்க்கும் 'ஆயுள்காந்தம்' பெல்ட் என்றால் இப்போது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். காரணம் யார் தெரியுமா? உன் அப்பாதான்!

இத்துடன் இருக்கிற நோட்டீஸைப் பார். நிச்சயதார்த்தத்தன்று நான் கொடுத்த பெல்ட்டை மாமா கோட்டின் மேலேயே கட்டிக்கொண்டு நின்றாரே, அந்தப் படம்தான். "மாத்திரையை விட்டேன், மனிதனானேன்! கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தபால்காரர் திரு. சூசை." வாசகம் முழுக்க நானே எழுதினது. மாமா அப்படியே சொன்னார் என்று சொல்லமாட்டேன். "இடுப்புக்கு இதமா இருக்குது மாப்ளே" என்றார். அதைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். விளம்பரம் என்றால் அப்படித்தான். வீடு வீடாகத் தபால் கொடுத்த முகமாயிற்றே, ஜனங்கள் நம்பி வாங்குகிறார்கள்.

வருகிற ஞாயிறு நம் முதல் ஓலை. இரண்டு ஊர்க் கோயிலிலும் சாமியார் நம் பெயரை வாசித்து, தடை ஏதாவது உண்டா என்று கேட்பார். மூன்று ஞாயிறு யாரும் வாய் திறக்காவிட்டால், அடுத்து வரும் புதன்கிழமை நீ என் மனைவி. நான் இங்கே எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்து வாயை அடைத்து வைத்திருக்கிறேன்.

உன்,
யேசுராஜ்

•

இயேசு மரி சூசை துணை

கிருஷ்ணகிரி
22-4-1968

அன்புள்ள உங்களுக்கு,

அருள்செல்வி எழுதிக்கொள்வது. உங்கள் பெயரை எழுதக்கூடாதாம், அம்மா சொல்கிறாள். கவரின் மேல் மட்டும் எழுதினேன். இல்லாவிட்டால் தபால் எப்படி வந்து சேரும்? அப்பா பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கமாட்டார், அது தொழில் தர்மமாம். ஆனால் உங்கள் கவரைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "மாப்ள நெறைய எழுதியிருக்காரு" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்.

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். என் பெயர் வந்ததும் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் எழுந்து நின்று நாலா பக்கமும் பார்த்தார். அப்படியே தலை சுற்றிவிட்டது. பக்கத்தில் இருந்த உபதேசியாரைப் பிடித்தார், இரண்டு பேருமாக ஆர்மோனியத்தின் மேல் விழுந்தார்கள். அது போட்ட சத்தம் இருக்கிறதே! சின்னப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, அப்பாவை உட்காரக்கூட விடாமல் படுக்க வைத்தார். "மாத்திரையை நிறுத்தினீங்களா? இப்படியே விட்டா கை கால் இழுத்துக்கும்" என்று திட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாத்திரை டப்பா நிறைய அப்படியே இருக்கிறது. உங்கள் நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த நாளிலிருந்தே அப்பா மாத்திரையைத் தொடவில்லையாம்.

ஏன் என்று கேட்டேன். "நோட்டீஸ்ல என் மூஞ்சி இருக்குதும்மா. நான் மாத்திரை முழுங்கினா மாப்ள பொய்யருன்னு ஆயிடும். சம்பந்தி வூட்டு மானம் என் இடுப்புல இருக்குது" என்கிறார்.

நீங்கள் சொன்னால் கேட்பார். பெல்ட் வேறு, மாத்திரை வேறு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும். நோட்டீஸை முழுவதும் படித்தேன். பசியின்மைக்கும் அதே பெல்ட், அதிகப் பசிக்கும் அதே பெல்ட். இரண்டும் இருக்கிறவர் எந்தப் பக்கமாகக் கட்டிக்கொள்வது?

இப்படிக்கு,
அருள்செல்வி

•

இயேசு மரி சூசை துணை

காவேரிப்பட்டினம்
25-4-1968

என் செல்வி,

சந்தைக்கு வந்த இடத்திலிருந்து எழுதுகிறேன். உன் கடிதம் பார்த்துப் பதறிப்போனேன். ஆர்மோனியத்துக்கு அடி ஒன்றும் இல்லையே? (சிரித்துவிடு. நீ சிரித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.)

நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. காந்தம் உடம்பில் பிடிக்க நாள் ஆகும் என்று முதலாளி சொல்கிறார். முதலில் தலை சுற்றுவதே குணமாவதற்கு அடையாளமாம். பாரூரில் கரும்பு போடுகிற கோவிந்தப்பன் என்று ஒரு பெரிய விவசாயி, என்னிடம் ஒன்று வாங்கினவர், இன்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் வாங்கிக்கொண்டு போனார். பயன் இல்லாமலா வாங்குவார்?

ஒரு வரி எழுதச் சொல்கிறாய். அந்த ஒரு வரி வெளியே போனால் என் நோட்டீஸ் என்ன ஆவது? கல்யாணம் நெருங்குகிற சமயத்தில் முதலாளி கோபித்துக்கொண்டால் நம் கதி என்ன? உங்கள் வீட்டில் எனக்குப் பெண் கொடுத்ததே பெங்களூர் கம்பெனி உத்தியோகம் என்றுதானே.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. மாத்திரையைப் பொடி செய்து கேசரியில் கலந்து கொடுத்துவிடு. மாமாவுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. மாமா உடம்பும் நிற்கும், நோட்டீஸும் நிற்கும். எப்படி என் மூளை?

உன்,
யேசுராஜ்

•

இயேசு மரி சூசை துணை

கிருஷ்ணகிரி
29-4-1968

உங்களுக்கு,

மூளை நன்றாக இருக்கிறது. அதையும் ஒரு பெல்ட்டில் வைத்துத் தைத்து விற்றுவிடுங்கள்.

கேசரி கிண்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீங்கள் சொன்னபடியே பொடி செய்து கலந்தேன். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "கசக்குதே, ஏலக்காய் கெட்டுப்போச்சா?" என்று தட்டை அப்படியே எதிர்வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டார். அது மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. இப்போது அப்பாவுக்கும் பிரஷர், நாய்க்கும் மயக்கம்.

உங்கள் பெல்ட்டில் சக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. நேற்று அப்பா அதைக் கழற்றி என் தையல் மேஜையில் வைத்தார். என் குண்டூசி டப்பா அப்படியே நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் தரையெல்லாம் சிதறிக் கிடந்த ஊசிகளை ஒரு நிமிஷத்தில் பொறுக்கிவிட்டேன். ஊசியை இழுக்கிறது, நிஜம். பிரஷரை இழுக்குமா? அதை யார் பார்த்தது?

இன்னொன்று கேளுங்கள். பக்கத்துத் தெரு சரோஜம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. அவர்களும் பெல்ட்டை நம்பி இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார்கள். "சூசையண்ணன் மூஞ்சியப் பாத்துத்தான் வாங்கினேன். எங்க வூட்டுக்கு வந்த மணியார்டருல ஒரு பைசா கொறையாம குடுத்த மனுசன், பொய் சொல்வாரா?" என்று என்னிடமே கேட்டார்கள். காலில் ஒரு புண், ஆறவில்லை. அதன் மேலும் பெல்ட் கட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் இன்னும் அதிகமாக வருகிறது. கம்பெனி உத்தியோகத்துக்கா நான் தலையை ஆட்டினேன்? பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரைக் கீழே தட்டிவிட்டு, யாரும் கேட்காமலே "நான்தான் கொட்டினேன்" என்று சொன்னீர்களே, அதற்காக ஆட்டினேன்.

நேற்று இரண்டாம் ஓலையும் ஆயிற்று. வரும் ஞாயிறு மூன்றாவது. நாங்கள் சொன்னால் அப்பா கேட்கமாட்டார். நீங்கள் சொல்ல வேண்டும், ஒளித்து மறைத்து இல்லை, ஊரறியச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சாமியார் "தடை உண்டா" என்று கேட்கும்போது நானே எழுந்து நிற்பேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுகிறாள். அழட்டும்.

அருள்செல்வி

•

இயேசு மரி சூசை துணை

ஓசூர்
2-5-1968

செல்வி,

உன் கடிதத்தைப் படித்த அன்று சாப்பிடவில்லை. அந்தக் காபி டம்ளரை நான் மறந்தே போயிருந்தேன்.

இங்கே சந்தையில் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று சத்தம் போட்டுச் சொன்னேன்: "ஐயா, இது இடுப்புக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான். பிரஷர், சர்க்கரை எதுவும் போகாது. யாரும் மருந்தை விடாதீங்க. நோட்டீஸ்ல இருக்கிறது நானா எழுதினது." சொல்லிவிட்டு, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நடந்தது என்ன தெரியுமா? எங்கள் ஊர்க் கங்கப்பன் என்பவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "சரக்கு கம்மியாப் போச்சா கண்ணு? பெங்களூர்க்காரனுக்குச் சேர்த்து வச்சிக்கினு எங்களுக்கு இல்லேங்கிறியா? எடு எடு, ரெண்டு எடு!" என்றார். பொய் சொன்னபோதுகூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை! நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவர்கள் துரத்திக்கொண்டு வந்தார்கள். கடைசியில் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டு, தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொன்னேன். தெலுங்கில் சொன்னபோதுதான் நம்பினார்கள். என் தெலுங்கு அவ்வளவு மோசம், அதில் யாராலும் பொய் சொல்ல முடியாது.

நேற்று பாரூர் போய் கோவிந்தப்பனையும் பார்த்தேன். அவர் வீட்டில் எல்லோரும் வேட்டி சேலை நழுவாமல் இருக்கத்தான் கட்டியிருக்கிறார்களாம். நல்லவேளை.

முதலாளியிடம் வேலையை விட்டுவிட்டேன். இனி அண்ணனின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். கம்பெனி மாப்பிள்ளை இல்லை. எழுந்து நிற்க உனக்கு இது இன்னொரு காரணம், மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

இனி வருகிறதை மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டு. தெருவுக்குக் கேட்கட்டும்:

"மாமா, நோட்டீஸில் இருப்பது பொய். எழுதினது நான். நீங்கள் மாத்திரை சாப்பிட்டால் நான் பொய்யன் ஆகமாட்டேன், ஏற்கெனவே ஆகிவிட்டேன். எனக்கு வாட்ச் போடுவதாகச் சொன்னீர்கள், அது வேண்டாம். மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று உண்டே, அதை இப்போதே காட்டுகிறேன். இன்றிலிருந்து தினமும் மாத்திரை போட வேண்டும். கல்யாணப் பந்தியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கப் போட வேண்டும். போடாவிட்டால் நான் இலையில் கை வைக்கமாட்டேன். எழுந்து போய்விடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன செய்தாலும் சரியாகத்தான் செய்வாய்.

யேசுராஜ்

•

இயேசு மரி சூசை துணை

கிருஷ்ணகிரி
5-5-1968

அன்புள்ள யேசுராஜ் அவர்களுக்கு,

பெயரை எழுதிவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உங்கள் கடிதத்தை வாசலில் நின்று படித்தேன். அப்பாவின் முகம் சிறுத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் பெல்ட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். முறுக்கு என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னாது, பந்தியில எழுந்து போவாரா? நம்ம வூட்டுக் கல்யாணத்துல மாப்ள கோவிச்சுக்கினு போனாருன்னு பேர் வரலாமா? கொண்டாம்மா அந்த டப்பாவ!" என்றார். நடுத்தெருவுக்குப் போய், சொம்பைத் தூக்கிப் பிடித்து, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டி மாத்திரையை விழுங்கினார். மாப்பிள்ளையின் முதல் சீர் என்று வேறு சொல்லிக்கொண்டார்.

அதோடு விடவில்லை. சாயங்காலம் பார்த்தால் பழைய தபால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முன்பு தபால் கொடுத்த அதே தெருக்கள், அதே வரிசை. ஒவ்வொரு வீட்டிலும், "அந்த நோட்டீஸ் தப்பா வந்த தபாலு, திருப்பிக் குடுங்க. மருந்த யாரும் விடாதீங்க" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார். கொடுத்த தபாலைத் திருப்பி வாங்குவது இதுதான் முதல் தடவையாம். சரோஜம்மாளைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். புண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். பஞ்சர் ஒட்டுகிற மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். "சைக்கிள் இல்லாம எந்தத் தபாலு போய்ச் சேரும்?" என்றார்.

மிச்சம் பெல்ட் இருந்தால் கொண்டுவாருங்கள். என் வகுப்பில் ஊசி பொறுக்க ஆளுக்கு ஒன்று வேண்டும் என்கிறார்கள். வாட்ச் அப்பா வாங்கியாயிற்று, அதில் உங்கள் முறுக்கு செல்லாது.

இன்று மூன்றாம் ஓலை. சாமியார் நம் பெயரை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி என்னையே பார்த்தார். அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். விசுவாசப் பிரமாணம் சொல்லக் கோயிலே எழுந்து நின்றபோதும் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். அம்மா கிள்ளித்தான் எழுந்தேன்.

புதன்கிழமை சீக்கிரம் வந்துவிடுங்கள்.

உங்கள்,
அருள்செல்வி