கோலயா மேடு

பிர்னோ
3 மார்ச் 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

ராத்கா எழுதுவது. நான் நலம். அம்மா கொடுத்தனுப்பிய கசகசா ரொட்டி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஆவணக் காப்பகத்தில் எல்லாருக்கும் என் மேஜையில்தான் கண்.

ஊர்த் தலைவர் பிலார் எழுதியிருந்தார். ஜூனில், ஓல்ஷிங்காவில் பிறந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிக் கூடும் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். ஊரின் நிலமும் வரலாறும் என்று இரண்டு பக்கம் நான் எழுத வேண்டுமாம். ஓடை, குளம், வெயில் படாத வடக்குச் சரிவு, வருஷா வருஷம் கல் விளையும் வயல் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன். ஆனால் வயல்களின் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. அவை உங்கள் எல்லாருடைய வாயில்தான் இருக்கின்றன. பெயரில்லாத வரைபடம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கையாலேயே நிரப்பி அனுப்புங்கள். நாற்பது வருஷமாக ஊர் நடப்பை ஊர்க் குறிப்பேட்டில் எழுதும் கையைவிட நல்ல கை எனக்கு எங்கே கிடைக்கும்?

உங்கள் மகள்
ராத்கா

---

ஓல்ஷிங்கா
12 மார்ச் 1991

அன்பு மகள் ராத்காவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் கோழிக்கூட்டை அவளேதான் கழுவ வேண்டும், நான் கழுவினால் பிடிக்காது.

வரைபடத்தை பீர்க்கடைக்கு எடுத்துப் போனேன். பிலார் எட்டிப் பார்த்து, "என்னய்யா ஓல்ட்ரிக், உம் பொண்ணு அஞ்சு வருஷம் படிச்சும் வயலுக்குப் பேரு நம்மகிட்டதான் கேக்குறாளா?" என்றான்.

"அவளாவது கேக்குறா. நீ தலைவராகி வருஷம் ஒண்ணாச்சு, குளத்துக்கு மதகு எந்தப் பக்கம்னு இன்னும் உனக்குத் தெரியல" என்றேன். கடையே சிரித்தது.

இருபத்தாறு பெயர் தேறியது. எல்லாவற்றையும் நானே எழுதினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்து, பட்டம் வாங்கியவளுக்கு உதவுகிறதென்றால் சந்தோஷம்தான்.

அன்புடன்
அப்பா

---

பிர்னோ
24 மார்ச் 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

வரைபடம் வந்தது. அவ்வளவு அழகாக இருந்ததால் காப்பகத்தில் எல்லாரிடமும் காட்டினேன்.

ஒன்று கேட்க வேண்டும். நேரில் என்றால் எனக்கு வாய் வராது, உங்களுக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

காட்டை ஒட்டிய வடக்குத் துண்டுக்கு "கோலயா மேடு" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் கோலயா என்று யாரும் இல்லை. வீட்டு எண்களில் பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து வருகிறது. பதினான்கு எங்கே என்று சின்ன வயதில் கேட்டபோது எரிந்துவிட்டது என்றீர்கள். போன வாரம் ஊர்ப் பள்ளியில் வைத்திருக்கும் குறிப்பேட்டைப் போய்ப் பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை, மன்னியுங்கள். 1952 பிப்ரவரியில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "கோலயா குடும்பம் தன் விருப்பத்தின்பேரில் ஊரை விட்டுச் சென்றது." உங்கள் கையெழுத்து.

இங்கே காப்பகத்தில் இன்னொரு தாள் இருக்கிறது. நிலத்தோடு அரசின் கூட்டுப் பண்ணையில் சேர மறுத்ததால் அந்தக் குடும்பத்தை நான்கு மணி நேரத்துக்குள் வெளியேற்ற வேண்டும் என்ற உத்தரவு. அதே தேதி.

இரண்டில் எதை நான் எழுதுவது அப்பா?

ராத்கா

---

ஓல்ஷிங்கா
2 ஏப்ரல் 1991

ராத்காவுக்கு,

வடக்குச் சரிவு என்று போடு. யாருக்கும் புரியும்.

இருபத்தொரு வயதில் எழுதியதை அறுபது வயதில் வந்து கேட்கிறாய். ஊருக்கு ஒரு டிராக்டர், ஓட்டத் தெரிந்தவன் நான். ஊருக்கு ஒரு குறிப்பேடு, கையெழுத்து நன்றாக இருந்தவனும் நான். எழுத மாட்டேன் என்று அன்றைக்குக் கட்சிக்காரர்களிடம் சொல்லியிருந்தால் என் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்குமா? அதையும் உன் காப்பகத்தில் தேடிப் பார்.

அம்மா உருளைக்கிழங்கு அனுப்பியிருக்கிறாள்.

அப்பா

---

பிர்னோ
21 ஏப்ரல் 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

உருளைக்கிழங்கு வந்தது. உங்கள் கேள்வியும் வந்தது. இரண்டு வாரம் யோசித்தேன். மிதித்திருக்க மாட்டேன். நீங்கள் சொன்னது சரி. இந்த நாற்காலி, இந்த மேஜை, என் பட்டம் எல்லாமே அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கின்றன. அதனால்தான் என்னால் அதை அப்படியே விட முடியவில்லை.

கோலயாவின் மகள் லுத்மிலா உயிரோடு இருக்கிறார். எல்லை அருகே அரசுப் பண்ணையில் முப்பத்தைந்து வருஷம் மாட்டுக்கொட்டகை வேலை. டீச்சராக ஆசைப்பட்டவராம், படிக்க விடவில்லை. கூட்டத்துக்கு அழைக்கும் பட்டியலைக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் பிலார் தயாரித்தார். விருப்பப்பட்டுப் போனவர்கள்தானே என்று இவர்களை விட்டுவிட்டார். நான் தொலைபேசியில் அழைத்தேன். யார், எதற்கு என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் வரலம்மா. எங்களப் பத்தி ஊர்க் குறிப்பேட்டுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நானில்லை.

என் இரண்டு பக்கத்தில் கோலயா மேடு என்றுதான் இருக்கும். அதை எடுக்கச் சொன்னால் என் பெயரையும் எடுத்துவிடச் சொல்வேன். லுத்மிலாவின் முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்
ராத்கா

---

ஓல்ஷிங்கா
3 ஜூன் 1991

அன்பு மகள் ராத்காவுக்கு,

நாள் கடந்துவிட்டது. கோபத்தில் அல்ல. முதலில் கோபம்தான், பிறகு அல்ல.

குறிப்பேட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, கீழே புதியதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் ஊர்க் குழுவின் முன்னால் அப்படிச் செய்தேன். பிலார், "விடுய்யா, யாரு படிக்கப் போறா?" என்றான். "எம் பொண்ணு படிச்சிட்டா" என்றேன். எழுதியது இது:

"1952 பிப்ரவரியில் பதினான்காம் எண் வீட்டிலிருந்து கோலயா குடும்பம் நான்கு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டது. விருப்பப்பட்டுப் போகவில்லை. அவர்களை டிராக்டரில் ரயிலடிக்குக் கொண்டுபோனவனும், பொய்யாக எழுதியவனும் நான். வீடு எரியவில்லை, இடிக்கப்பட்டது."

இதோடு குறிப்பேட்டை ஒப்படைத்துவிட்டேன். வேறு யாராவது எழுதட்டும்.

குழுவிடம் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். லுத்மிலா டிராக்டருக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கடும் பனி. மடியில் ஜன்னல் பூத்தொட்டி ஒன்று, சால்வையால் மூடியிருந்தாள். "மெதுவா ஓட்டு ஓல்டா, உடஞ்சிரும்" என்றாள், சின்ன வயதிலிருந்து என்னைக் கூப்பிடும் பெயரிலேயே. வழியெல்லாம் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மேட்டை முப்பத்தொன்பது வருஷம் நான்தான் உழுதேன். வேறு பெயரால் ஒரு நாளும் சொன்னதில்லை. உன் வரைபடத்திலும் கை தானாகவே எழுதிவிட்டது.

எழுதியதைப் பிரதி எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கூட்ட நாளான பதினாறாம் தேதி வந்தால் ரயிலடியில் நிற்பேன், வண்டியை மெதுவாக ஓட்டுவேன், என் வண்டியில் ஏறப் பிடிக்காவிட்டால் கூடவே நடந்து வருவேன் என்றும் எழுதினேன். பதில் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று ரயில்தான். மூன்றுக்கும் நிற்பேன்.

அப்பா