ஐந்துக்கு நாலு மதிப்பெண்

மார்ச் 3, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய ஐந்து இங்கிலீஷ் இரட்டைச் சொற்களையும் படித்துவிட்டேன். 'கால்' வேறு, 'ஆஃப்' வேறு. சேர்ந்தால் மூன்றாவதாக ஓர் அர்த்தம். வாக்கியங்களைப் பின்பக்கத்தில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். சித்தப்பா வழக்கம்போல் படித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுவார். பின்பக்கம் வந்ததும், "இது உங்க ரெண்டு பேர் பாஷைம்மா" என்று சிரிப்பார். நீ மட்டும் இரண்டு தடவை படி, அக்கா.

உன் குட்டி

மார்ச் 8, புதன்

என் குட்டி மாணவிக்கு,

ஐந்துக்கு நாலு! நைட் டூட்டி முடித்துவந்து, கண் சொருகச் சொருகத் திருத்தினேன். உனக்கு மனதில் நிற்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

கால் ஆஃப்: 'யாராவது இந்தக் கல்யாணத்தை நிறுத்துங்கள்.'
லாக் அப்: 'என் புத்தகப் பையைப் பூட்டிவைத்துவிட்டார்கள்.'
ஃபைண்ட் அவுட்: 'அவருக்கு நாற்பது வயது என்று தெரிந்துகொண்டேன்.'
ரன் அவே: 'ஒன்பதாம் வகுப்புப் பெண் எங்கே ஓடிப்போவாள்?'

எல்லாம் சரி. ஆனால் ஏனடி இப்படி அழுமூஞ்சி வசனம்? 'கிவ் அப்' எதிரே ஒன்றுமே எழுதவில்லை. கைவிடுவது என்று சொல்லித்தந்தேனே! ஒரு மார்க் போச்சு.

முத்தங்களுடன்,
அக்கா

மார்ச் 13, திங்கள், இரவு

அக்கா,

அவை உதாரணங்கள் இல்லை. எல்லாம் நடந்தவை.

வரும் கடிதத்தையும் சித்தப்பாதான் பிரிப்பார். உன்னுடையதைச் சாப்பிடும்போது உரக்கப் படித்தார். கத்தவில்லை. "எந்தக் கல்யாணத்தைம்மா நிறுத்தணும்?" என்று கேட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "சாப்பிடு. நீ ஒல்லியா இருக்கேன்னு மாப்பிள்ளை சொல்றாரு." சித்தி தலை நிமிரவே இல்லை. கல்யாணம் அடுத்த மாதம் என்றிருந்தது, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. என் அறைத் தாழ்ப்பாளைச் சித்தப்பா கழற்றி வெளிப்பக்கம் மாட்டிவிட்டார்.

கதவிடுக்கில் வரும் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கூடத்தில் அவர் இருமும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. நாளை ரவிக்கைக்கு அளவெடுக்கத் தையல்காரம்மா வருவார். அளவு நாடாவோடு இதையும் சுருட்டிக் கொடுக்கப்போகிறேன். அவர் யாரிடம் கொடுப்பாரோ, தெரியாது. வேறு ஆளும் இல்லை. பதிலை இந்த வீட்டுக்குப் போடாதே.

எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காதே.

மார்ச் 16, வியாழன்

என் குட்டி,

தையல்காரம்மா தபாலை நம்பாமல் பஸ் ஏறி நேரே வந்துவிட்டார். இதை ரவிக்கை மடிப்பில் வைத்துத் தருவார்.

நீ உதவி கேட்டாய். நான் மார்க் போட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, ரவிக்கையைப் போட்டுப் பார்க்க உன்னைத் தன் கடைக்கு அனுப்பச் சொல்லித் தையல்காரம்மா சித்தியிடம் கேட்பார். முரண்டு பிடிக்காதே, சிரித்த முகமாக வா. சித்தி கடையின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கட்டும். துணி மாற்றும் திரைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் நானும் குழந்தைகள் நல அதிகாரியும் நிற்போம். பெட்டி வேண்டாம். புத்தகப் பையையும் தேடாதே. இதைக் கிழித்துத் தண்ணீரில் போட்டுவிடு.

'கிவ் அப்' எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டாயே, அதுதான் சரி.

ஐந்துக்கு ஐந்து.

அக்கா